எப்படிப் போட்டுப் பார்த்தீர்கள்?

கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், பரதேசி யூதக் கோயிலை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1760ஐ ஒட்டி எசக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் எழுப்பியது. அதன் முகங்களில் எண்கள் ஒரே எழுத்தில் இல்லை. ஒரு முகத்தில் எபிரேயம், ஒன்றில் ரோமன், இன்னொன்றில் மலையாளம். அண்ணாந்து பார்க்கிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் தனக்குத் தெரிந்த எழுத்தில் மணி பார்த்துக்கொள்ளட்டும் என்று கட்டியவர் நினைத்ததாகவே எனக்குத் தோன்றும்.

கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ், மலையாளம் என்று வீட்டுக்கு வீடு மொழி மாறும் பகுதி இது. எண் மட்டும் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த எண்ணில் ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? உடம்புக்கு முடியாவிட்டால் மருத்துவர் இருக்கிறார், சொத்துத் தகராறுக்கு வக்கீல் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைக்கு டியூஷன் உண்டு. வட்டிக் கணக்கிலும் நிலக் கணக்கிலும் தடுமாறும் பெரியவருக்கு ஓர் இடம் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, தெரிந்த யாரோ ஒரு வாத்தியாரைத் தேடிப் போகிறார். அப்படித் தேடி வந்தவர்களுக்குப் பல வருடம் பதில் சொன்னவன் என்ற முறையில், பொதுமக்களின் கணக்குக் கேள்விக்குப் பதில் சொல்வது என்றால் என்ன, இதுவரை யார் யார் எப்படிச் சொன்னார்கள், எங்கே தவறினோம் என்று இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

வரும் கேள்விகளிலிருந்தே தொடங்குவோம்.

மிளகு மண்டியில் வேலை பார்த்த ஒருவர் கேட்டது: ஈரம் 20 சதவீதம் இருக்கிற மிளகு 100 கிலோ. வெயிலில் போட்டு ஈரத்தை 10 சதவீதமாக்கினால் எடை எவ்வளவு நிற்கும்? அவர் போட்ட கணக்கு, ஈரம் பத்துக் குறைந்தது, ஆகவே 90 கிலோ. தராசோ அதற்குக் கீழே காட்டியது. யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று சந்தேகம். உண்மையில் யாரும் எடுக்கவில்லை. 100 கிலோவில் தண்ணீர் 20, மிளகு 80. காயும்போது இந்த 80 மாறாது. காய்ந்த பிறகு அந்த 80 மொத்தத்தில் 90 சதவீதமாக இருக்க வேண்டும். 80ஐ 0.9ஆல் வகுத்தால் 88.89 கிலோ. டன்னுக்கு ஏறத்தாழ 11 கிலோ வித்தியாசம். கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் 6,667 ரூபாய். ஒரு கூலித்தொழிலாளியின் மேல் திருட்டுப் பழி விழப் போதுமான தொகை இது. 1957இல் இந்த யூதத் தெருவில்தான் மிளகுக்கு முன்பேர வணிகம் தொடங்கியது. மிளகின் விலையை உலகத்துக்குச் சொன்ன தெருவிலேயே இந்தச் சதவீதக் கணக்கு இன்றும் மனிதரைத் தடுமாற வைக்கிறது.

இன்னொருவர், வயதான ஓர் அம்மா. கையில் நிலவரி ரசீது. "சாரே, எங்களுக்கு ரெண்டு சென்ட்டு. இதுல ஒண்ணுகூட இல்லைன்னு எழுதியிருக்கு. மிச்சத்தை யாரு எழுதி வாங்கிட்டாங்க?" ரசீதில் 0.81 என்று இருந்தது. பேச்சில் எல்லோரும் சென்ட் என்கிறோம், அரசுப் பத்திரம் ஆர் என்கிறது. ஓர் ஆர் 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். இரண்டு சென்ட் 80.94, அதாவது 0.81 ஆர். நிலம் அங்கேயேதான் இருக்கிறது, அளவுகோல்தான் மாறியது. அந்த அம்மா பல நாள் தூங்காமல் இருந்ததாகச் சொன்னார்.

மின்கட்டணக் கேள்வி அடிக்கடி வரும். கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விலை. அதைத் தாண்டிவிட்டால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே விலை. அதனால் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு ஒரு யூனிட் கூடினாலும் ரசீதில் பெரிய தாவல் தெரியும். துணிக்கடையில் 50 சதவீதம் தள்ளி, அதற்கு மேல் 20 சதவீதம் தள்ளினால் 70 ஆகாது, 60தான். இவையெல்லாம் சொன்னதும் புரிந்துவிடுகிறவை.

வட்டி அப்படி இல்லை. ஒருவர் 10,000 ரூபாய் கடன் வாங்கினார். பத்து மாதத் தவணை. மாதம் 1,000 அசல், அதோடு "நூற்றுக்கு ரெண்டு வட்டி" என்று 200. பத்து மாதத்தில் வட்டி மட்டும் 2,000. பேச்சுப்படி சரிதானே என்றார். நான் ஒரு தாளில், ஒவ்வொரு மாதமும் அவர் கையில் உண்மையாக இருந்த கடன் எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். முதல் மாதம் 10 ஆயிரம், இரண்டாவது மாதம் 9, பிறகு 8, கடைசி மாதம் 1. கூட்டினால் 55. அதாவது 55 ஆயிரத்தை ஒரு மாதம் வைத்திருந்ததற்குச் சமம். அதற்கு 2,000 என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் 64 காசு. ரெண்டு வட்டி என்று சொல்லி மூன்றரைக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். அவர் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். விடையை நானே சொல்லி அனுப்பியிருந்தால் அந்தத் தாள் அவருடையதாக இருந்திருக்காது.

இந்த 55 பிறகும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்வது என்ற பேச்சில், மட்டாஞ்சேரி இருக்கும் எர்ணாகுளம் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. 1990 பிப்ரவரி 4 அன்று அன்றைய பிரதமர் வி.பி. சிங் இந்த மாவட்டத்தை இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவித்தார். கலெக்டர் கே.ஆர். ராஜன் தலைமையில் மாவட்ட நிர்வாகமும், 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கைகோத்து நடத்திய வேலை அது. சம்பளமில்லாத தொண்டர்கள் ஏறத்தாழ 20,000 பேர் சொல்லிக்கொடுத்தார்கள். மாலையில், திண்ணையில், வேலை முடிந்து வந்தவர்களின் எதிரே உட்கார்ந்து. அதை அடுத்துத்தான் 1991 ஏப்ரலில் கேரளம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தது. அதே அலை தமிழகத்தில் அறிவொளி இயக்கமாக எழுந்தது.

எழுத்தறிவு என்று பெயர் வைத்தாலும் அதற்குள் எண்ணும் இருந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த வரையறை இப்படிப் போகிறது: ஒன்றிலிருந்து நூறு வரை படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். மூன்று இலக்கம் வரை கூட்டல் கழித்தல், இரண்டு இலக்கத்தால் பெருக்கல் வகுத்தல், எடை, நீளம், பணம், நேரம் ஆகியவற்றின் அளவுகள், விகிதமும் வட்டியும் பற்றிக் கொஞ்சம். எல்லாம் பின்னம் இல்லாமல்.

பின்னம் இல்லாமல் என்ற சொல் என்னை இன்றும் உறுத்துகிறது. அந்தப் பெரிய காரியத்தைக் குறைத்துச் சொல்ல அல்ல, அக்கறையினால் சொல்கிறேன். வட்டி வேண்டும், பின்னம் வேண்டாம் என்றால் எப்படி? முதலில், நம் பக்கத்து எளிய மக்களுக்குப் பின்னம் அந்நியமே இல்லை. கால், அரை, முக்கால் மட்டுமா? அரைக்கால் எட்டில் ஒன்று. மாகாணி அல்லது வீசம் பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் இவை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியாகப் பிள்ளைகள் ஒப்பித்தவை. மலையாளத்தின் பழைய பின்னக் குறிகளில் பல 2016இலும், தமிழின் குறிகள் 2019இலும்தான் கணினிக்கான யூனிக்கோடில் இடம் பெற்றன. பத்திரங்களிலும் ஓலைகளிலும் அவை பல நூற்றாண்டு புழங்கியவை. படிக்காதவருக்குப் பின்னம் வராது என்பது, படித்தவர் தம் பள்ளி அனுபவத்தை வைத்துச் செய்த முடிவு.

அறிவொளிக் காலத்தில் இதை உணர்ந்தவர்கள் உண்டு. எழுத்து தெரியாத பெரியவர்கள் எப்படி அளக்கிறார்கள், எப்படி மனதில் கணக்குப் போடுகிறார்கள் என்று தமிழகக் கிராமங்களில் எல்.எஸ். சரஸ்வதி ஆராய்ந்தார். அவரும் அனிதா ராம்பாலும், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜமும் சேர்ந்து எண்ணறிவைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்கள், 1998இல். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது பெண்கள் சைக்கிள் கற்றதை எல்லோரும் சொல்வார்கள். அதே காலத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் நடந்தது. குத்தகை, கூலி, லாரிக்கு எத்தனை யூனிட் கல் என்ற கணக்கு அவர்கள் கைக்கு வந்தபோதுதான் எண்ணறிவு என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது என்பேன்.

தெருக் கணக்குக்கும் பள்ளிக் கணக்குக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளம் நம் ஊரில் மட்டும் இல்லை. 1985இல் வெளிவந்த பிரேசில் ஆய்வு ஒன்று இதை எண்ணால் காட்டியது. ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகள், ஒன்பது முதல் பதினைந்து வயது. கடையில் நின்று கேட்டபோது 98.2 சதவீதக் கேள்விகளுக்குச் சரியான விடை சொன்னார்கள். அதே கணக்கை எண்ணாக மட்டும் தாளில் கொடுத்தபோது சரியானவை 36.8 சதவீதம். ஒரு பையனிடம் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். ஒன்று 35. அவன் ஒரு சுழியைச் சேர்க்கவில்லை. மூன்றுக்கு 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, ஒன்று சேர்த்தால் 350 என்றான். மூன்று மூன்றாக வாங்கும் வாடிக்கையாளர் அவனிடம் நிறைய இருந்திருக்கலாம்.

2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதே கேள்வியை நம் நாட்டிலேயே பெரிய அளவில் கேட்டது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் விற்கும் 1,436 பிள்ளைகள். சந்தைக் கணக்கில் கெட்டிக்காரர்கள். பள்ளி வடிவத்தில் கொடுத்ததும் திணறினார்கள். மறுபக்கம், சந்தையில் விற்றுப் பழகாத 471 பள்ளிப் பிள்ளைகள் தாள் கணக்கை நன்றாகச் செய்து, சந்தைக் கணக்கில் விழித்தார்கள். இரண்டு பக்கமும் அறிவு இருக்கிறது, பாலம்தான் இல்லை. பொதுமக்களின் கேள்விக்குப் பதில் சொல்ல உட்காருகிறவரின் வேலை, என் கருத்தில், இந்தப் பாலத்தைப் போடுவதுதான். மிளகுக்காரர் "90 கிலோ" என்றபோது அவர் அறிவில்லாதவராக இல்லை. சதவீதம் எதன்மேல் எடுக்கப்படுகிறது என்ற ஒரே இடத்தில் கால் இடறியது. அந்த இடம் எது என்று கண்டுபிடிக்காமல் விடையை மட்டும் கொடுத்தால் அடுத்த மூட்டையிலும் அவர் இடறுவார். ஆகவே யார் எந்தக் கணக்கோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது: நீங்கள் எப்படிப் போட்டுப் பார்த்தீர்கள்?

நம் பழைய நூல்கள் இந்த விஷயத்தில் இரண்டு வழி போயிருக்கின்றன.

தமிழில் காரி நாயனார் செய்த கணக்கதிகாரத்தில் பலாச்சுளைக் கணக்கு பிரசித்தம். பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று அறிய, காம்பின் அருகே உள்ள சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. 100 முள் என்றால் 120 சுளை. கேட்க இனிக்கிறது. ஆனால் ஏன் ஆறு, ஏன் ஐந்து என்று அது சொல்வதில்லை. நம்பு அல்லது அறுத்துப் பார். நெல்லளக்கவும் நிலமளக்கவும் அதே நூல் தரும் வாய்பாடுகள் பயனுள்ளவை, மக்களின் பாஷையில் மக்களின் பொருளை வைத்துப் பேசுபவை. அந்த அளவில் அது பெரிய நூல். காரணத்தை மட்டும் கற்பிப்பவரின் வாய்க்கு விட்டுவிட்டது.

கேரளத்தில் வேறொன்று நடந்தது. சங்கமகிராமத்து மாதவன், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர், வட்டத்தின் சுற்றளவை முடிவில்லாத தொடராகக் கண்டார். பையின் மதிப்பைப் பதினொரு தசம இடம் வரை சரியாகச் சொல்லியிருக்கிறார். அவர் மரபில் வந்த ஜ்யேஷ்டதேவன், 1530ஐ ஒட்டி, யுக்திபாஷா என்ற நூலைச் சமஸ்கிருதத்தில் எழுதாமல் மலையாளத்தில், அதுவும் உரைநடையில் எழுதினார். பெயரிலேயே இரண்டு சொல்: யுக்தி, பாஷை. காரணம் சொல்ல வேண்டும், மக்கள் பேசும் மொழியில் சொல்ல வேண்டும். விதியை மனப்பாடத்துக்குச் செய்யுளாக்கிய காலத்தில், இது ஏன் இப்படி வருகிறது என்று அடி அடியாக விளக்கிய நூல் அது. அதன் கணிதப் பகுதியைக் கொச்சி அரச குடும்பத்து ராமவர்ம மரு தம்புரானும் அகிலேஸ்வர ஐயரும் விளக்கத்தோடு 1948இல் திருச்சூரில் அச்சேற்றினார்கள்.

இதே மரபின் நீலகண்ட சோமயாஜி, ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில், தொடர்க்கூட்டலை வடிவமாகக் காட்டுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நீளும் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் படிக்கட்டு கிடைக்கும். அதே அளவில் இன்னொரு படிக்கட்டைத் தலைகீழாக்கிப் பொருத்தினால் செவ்வகம். பத்துப் படி என்றால் 10க்கு 11, மொத்தம் 110, அதில் பாதி 55. கடன்காரரின் தாளில் வந்த அதே 55. அவரிடம் நான் தீப்பெட்டிகளை அடுக்கித்தான் காட்டினேன். "அப்போ இருபது தவணைன்னா 210" என்று அவரே சொன்னார். யுக்தி கைக்கு வந்தால் அடுத்த கேள்விக்கு ஆசிரியர் தேவையில்லை.

சித்ரபானு என்ற கேரளக் கணிதரின் நூலுக்குப் பெயரே இருபத்தொரு கேள்வி பதில், ஏகவிம்சதி ப்ரச்நோத்தரம். 16ஆம் நூற்றாண்டு. தெரியாத எண்கள் இரண்டு. அவற்றின் கூட்டல், வித்தியாசம், பெருக்கல், வர்க்கங்களின் கூட்டல், வர்க்கங்களின் வித்தியாசம், கனங்களின் கூட்டல், கனங்களின் வித்தியாசம் என்று ஏழு செய்திகள். இந்த ஏழில் ஏதாவது இரண்டைச் சொன்னால் எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏழிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 21. ஆகவே கேள்வியும் 21. கூட்டினால் 10, பெருக்கினால் 21 என்றால்: பத்தின் வர்க்கம் 100, அதில் 21இன் நான்கு மடங்கு 84ஐக் கழித்தால் 16, மூலம் 4. அதுவே இரண்டு எண்ணின் வித்தியாசம். எண்கள் 7, 3. என்னைக் கவர்வது விடைகள் அல்ல. கேட்கக்கூடிய கேள்விகளை எல்லாம் முதலில் ஒன்று விடாமல் எண்ணி வரிசைப்படுத்திய அந்தப் பொறுப்பு. பதில் சொல்கிறவர் கேள்விகளைச் சேகரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

அச்சு வந்த பிறகு கேள்வி பதிலுக்குப் பத்திரிகை இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் 1704 முதல் 1841 வரை வந்த பெண்களுக்கான பஞ்சாங்கம் ஒன்று வாசகர்களிடம் கணக்குக் கேள்வி கேட்டு, அவர்கள் அனுப்பிய விடைகளைப் போட்டது. நம் பக்கத்தில், டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர் முயற்சியில் 1907இல் இந்தியக் கணிதக் கழகம் பிறந்தது. அதன் இதழில் கேள்விப் பகுதி உண்டு. 1911இல் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் ஒரு கேள்வி அனுப்பினார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு கோவையின் மதிப்பு என்ன? ஆறு மாதத்துக்கு மேல் யாரும் விடை அனுப்பவில்லை. கேட்டவரே சொன்னார்: 3. அவர் பெயர் ராமானுஜன். வேலை இல்லாமல் அலைந்த ஒருவருக்கு அந்தக் கேள்விப் பகுதிதான் முதல் மேடை. பின்னாளில் பரிஷத்தின் சாஸ்திரகேரளமும் யுரேகாவும், 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிரும் பிள்ளைகளிடையே இந்த வேலையைத் தொடர்ந்தன.

பதில் சொல்கிறவருக்கு என்ன துணிச்சல் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் 1990இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டில் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, நடத்துகிறவர் மீதியில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார். இப்போது கதவை மாற்றிக்கொள்வது நல்லதா? பத்திரிகையில் கேள்வி பதில் எழுதிய மேரிலின் வாஸ் சாவந்த், மாற்றினால் மூன்றில் இரண்டு பங்கு வெற்றி என்றார். ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்தன, ஆயிரம் பேர் அளவில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். பெரும்பாலானவர்கள் அவர் தவறு என்றார்கள், சிலர் ஏளனமாக. அவர் சொன்னதுதான் சரி. எனக்குப் பிடித்தது அடுத்து அவர் செய்தது: பள்ளி வகுப்புகளில் கிண்ணங்களைக் கவிழ்த்து விளையாடி, எண்ணிப் பாருங்கள் என்றார். வகுப்புகள் செய்து பார்த்தன, வாதம் அடங்கியது. பட்டத்தை எதிர்த்துப் பட்டத்தை நிறுத்தாமல், கேட்டவர் கையிலேயே சோதனையைக் கொடுத்தார்.

இனி வகுப்பறைக் கேள்விகள். பிள்ளைகள் கேட்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்? கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் ஏன் கூட்டல் வருகிறது? சுழியால் ஏன் வகுக்கக்கூடாது? "அப்படித்தான் ரூல்" என்று வகுப்பில் சொல்லி அனுப்பிய பதிலோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். அரையை அரைக்காலால் வகுப்பது என்றால், ஓர் உரியில் எத்தனை ஆழாக்கு என்று கேட்பதுதான். படியில் பாதி உரி, எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. நான்கு ஆழாக்கு. பாட்டிக்குத் தெரியும் இந்த விடை. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, அரைப்படிக்கு அதில் பாதி என்று அவர் போகும் வழியே தலைகீழாக்கிப் பெருக்கும் வழி. மாதம் 500 ரூபாய்த் தவணை என்றால் அது கழித்தல் 500. மூன்று தவணையைத் தள்ளுபடி செய்தால், மூன்றையும் எடுத்துவிட்டார்கள், கழித்தல் 3. குடும்பத்துக்குக் கிடைத்தது கூட்டல் 1,500. இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. நாற்பது பிள்ளை உள்ள வகுப்பில் அந்த இரண்டு நிமிடம் ஏன் கிடைப்பதில்லை என்பது தனிக் கவலை.

இந்த ஊரில் இன்னொரு தடை உண்டு, மொழி. ஃபோர்ட் கொச்சி வெளியில் டோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களைப் போல, பல தலைமுறையாக இங்கே வாழும் தமிழர்கள் உண்டு. அவர்கள் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், வகுப்பில் மலையாளத்தில் கணக்குப் படிக்கும், மேல்வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறும். மீச்சிறு பொது மடங்கு மலையாளத்தில் லசாகு. இந்தச் சொல் தெரியாமல் பிள்ளை தவிக்கும், கணக்கு வரவில்லை என்று ரிப்போர்ட் போகும். ஒரு படகு 20 நிமிடத்துக்கு ஒருமுறை, இன்னொன்று 25 நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படுகிறது, இப்போது சேர்ந்து புறப்பட்டால் அடுத்து எப்போது சேரும் என்று கேளுங்கள். நூறு நிமிடம் என்று அந்தப் பிள்ளையே சொல்லும். சொல்தான் பூட்டியிருந்தது, அறிவு திறந்தே இருந்தது. மணிக்கூண்டில் மூன்று எழுத்து வைத்தவர் புரிந்துகொண்டதை நம் கணக்குப் பாடம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

நாட்டின் நிலையும் சொல்லத்தான் வேண்டும். 2023இல் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் நடந்த அசர் (ASER) கல்வி ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுக்கத் தெரிந்தவர் 43.3 சதவீதம்தான். மீதிப்பேர் நாளை கடன் வாங்குவார்கள், நிலம் வாங்குவார்கள், மின்கட்டணம் கட்டுவார்கள்.

கைப்பேசி இருக்கிறதே, படம் எடுத்தால் விடை வந்துவிடுகிறதே என்பார்கள். வரட்டும், நல்லதுதான். இரவு பதினொரு மணிக்குத் தனியாகத் திணறும் பிள்ளைக்கு அது உதவிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மிளகுக்காரர் தன் கேள்வியை எண்ணாக மாற்றித் தட்டச்சு செய்யும் இடத்திலேயே தவறு நடந்துவிட்டது. நூறிலிருந்து பத்தைக் கழி என்று கேட்டால் கருவி 90 என்றுதான் சொல்லும், சரியாகவும் சொல்லும். இப்போதைய பேசும் கருவிகள் படிகளையும் எழுதிக் காட்டுகின்றன, தவறான படியையும் அதே உறுதியோடு எழுதுகின்றன. தவறைப் பிடிக்க யுக்தி தெரிந்த ஆள் வேண்டும். அந்த அம்மாவின் ரசீதைக் கையில் வாங்கி, "பயப்படாதீங்க அம்மா, நிலம் அங்கேயேதான் இருக்கு" என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

1989இல் இந்த மாவட்டத்தில் 20,000 பேர் சம்பளம் வாங்காமல் மாலைகளைக் கொடுத்தார்கள். இப்போது அவ்வளவு பேர் வேண்டாம். எர்ணாகுளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை இருக்கிறது, ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். அந்த வாசகசாலைக் குழுக்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், ஒரு மேசை, ஒரு கரும்பலகை. யார் வேண்டுமானாலும் எந்தக் கணக்கையும் கேட்கலாம் என்று வாசலில் மலையாளத்திலும் தமிழிலும், இங்கே பேசப்படும் மற்ற மொழிகளிலும் எழுதி வையுங்கள். வருகிற ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் பெயர் இல்லாமல், அவர் போட்ட வழியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். சித்ரபானு 21 எழுதினார், ஒரு வருடத்தில் உங்களிடம் சில நூறு சேரும். பாடநூல் எழுதுகிறவர்கள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கட்டும். மட்டாஞ்சேரியில் யாராவது மேசை போட்டால் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வருகிறேன்.